மயில்சாமி போட்ட சட்டம்

நன்றி என்பது மயில்சாமிக்குப் பழக்கமில்லாத சமாச்சாரம். நாற்பது வயது தாண்டும்வரை அவன் யாருக்கும் நன்றி சொன்னதாக ஊரில் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. சோறு நன்றாக இருந்தால் பேசாமல் சாப்பிடுவான். நன்றாக இல்லாவிட்டால் பேசிக்கொண்டே சாப்பிடுவான். அப்படிப்பட்ட மனிதன், பெருந்துறைப் பக்கத்துக் காசநோய் ஆஸ்பத்திரியில் முக்கால் வருஷம் படுத்துக் கிடந்துவிட்டு வெளியே வந்த அன்று, கண்ணில் பட்டதையெல்லாம் கும்பிடுகிற நிலைமையில் இருந்தான்.

அறுபத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம், ஞாயிற்றுக்கிழமை. டாக்டர் சொன்ன தேதிக்கு முன்பே விட்டுவிட்டார்கள். மனைவி ரங்காத்தாளுக்குக்கூடத் தகவல் இல்லை. மயில்சாமி தன் துணிமூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பஸ் ஏறினான். கண்டக்டர், "மூட்டைய மடியில வெய்யிங்க, நடைபாதையில வெச்சா நாங்க எப்படிப் போறது?" என்று எரிந்து விழுந்தார். மயில்சாமிக்கு அதுவும் இனித்தது. ஆஸ்பத்திரியில் யாரும் யாரையும் திட்டுவதில்லை. பக்கத்துக் கட்டில்காரன் நேற்று இருந்தான், இன்று இல்லை என்கிற இடத்தில் எல்லோரும் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள்.

திருப்பூரில் இறங்கி டீ குடித்தான். பனியன் கம்பெனிகளுக்கு லீவு நாள். மெஷின் சத்தம் இல்லாமல் தெரு அமைதியாகக் கிடந்தது. டீ ஆறிப்போயிருந்தது, சர்க்கரை கம்மி. பழைய மயில்சாமியாக இருந்தால் கிளாஸை ஓசையோடு வைத்திருப்பான். இன்றைக்கு டீ ஆற்றியவனைப் பார்த்து, "நல்லா இருக்குதுங்க" என்றான். டீக்கடைக்காரன் இதற்குமுன் அப்படி ஒரு வார்த்தையைக் கேட்டதில்லை போலிருக்கிறது. கேலி செய்கிறானோ என்று முறைத்தான்.

கட்டிலில் கிடந்த நாட்களில் மயில்சாமி சாமியிடம் ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. எழுந்து நடக்க வேண்டும், ரங்காத்தாள் கரைக்கிற கம்பங்கூழைக் குடிக்க வேண்டும், சங்கக் கொட்டகைக்குப் போய்ச் சக்கரத்தின் முன்னால் குந்தி ஈர மண்ணில் கை வைக்க வேண்டும். இந்த மூன்றும் திரும்பக் கிடைத்தால் இனிமேல் எதற்கும் முகம் சுளிப்பதில்லை, யாரையும் சுடுசொல் சொல்வதில்லை என்று சுவரைப் பார்த்துச் சத்தியம் செய்திருந்தான். முதல் இரண்டைப் பற்றிப் பயமில்லை. மூன்றாவதுதான் கிடைக்குமா என்று தெரியவில்லை. அதற்குக் காரணம் அவனேதான்.

அவிநாசிபாளையத்தைத் தாண்டி ரோட்டோரத்தில் மண்பாண்டத் தொழிலாளர் சங்கத்துக் கொட்டகை இருந்தது. சுற்றுப்பட்ட ஊர்களில் இருந்த குயவர் எட்டுப் பேர் சேர்ந்து, சர்க்காரில் கடன் வாங்கிக் கட்டியது. எட்டுச் சக்கரம், ஒரு பெரிய சூளை. மண் பொது, தண்ணீர் பொது, விறகுச் செலவு பொது. வனைகிற கை மட்டும் அவரவர் கை. எல்லார் பானையும் ஒரே சூளையில் வேகிறதால், கலந்து போகாமலிருக்க, ஈரமாக இருக்கும்போதே அவரவர் பானைக் கழுத்தில் அவரவர் அடையாளத்தை நகத்தால் கீறிவைப்பார்கள். மயில்சாமியின் அடையாளம் மூன்று கீறல். சந்தையில் பெண்கள் பானையைத் தூக்கிக் கழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். மூன்று கீறல் இருந்தால் பேரம் பேசமாட்டார்கள். அந்தக் கர்வம் அவனுக்கு உண்டு.

இன்னொரு வழக்கமும் இருந்தது. ஒருவர் பானையை இன்னொருவர் தொட்டுச் சூளையில் அடுக்கக் கூடாது. அவரவர் பானையை அவரவர் கையால்தான் வைக்க வேண்டும். முடியாவிட்டால் வீட்டுப் பெண்கள் கை. வேற்றுக் கை வைத்து வெடித்துப்போனால் பிறகு யார் பேரில் பழி என்கிற வம்பு வேண்டாமே என்று பெரியவர்கள் ஏற்படுத்தியது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஐப்பசி அடைமழையில் ஒரு சூளை மூடினார்கள். எட்டாவது ஆளான சின்னான் வந்து சேரவில்லை. அவன் சட்டியெல்லாம் காய்ந்து கொட்டகையில் வரிசையாக இருந்தது. பொழுது சாய்கிற வரைக்கும் பார்த்துவிட்டு, அவன் இடத்தைக் காலியாகவே விட்டு, மேலே வைக்கோல் பரப்பி மண் பூசிவிட்டார்கள். மற்ற ஏழு பேர் தலையில் அவன் பங்கு விறகும் விழுந்தது. பூசி முடிக்கிற சமயத்தில் சின்னான் வந்து நின்றான். அப்போதுதான் மயில்சாமி அந்தப் பேச்சைப் பேசினான்.

"காரணம் கேக்க ஆரம்பிச்சா ஆளுக்கொரு காரணம் வரும். சூளைக்குக் காரணமெல்லாம் தெரியாது, வெறகுதான் தெரியும். யாரா இருந்தாலும் சரி, ஒரு சூளைக்குச் சட்டி வெக்கலீன்னா எடம் காலி. வெளிய எத்தன பேரு எடம் கேட்டுட்டு நிக்கறாங்க!"

பேச்சு எடுப்பாக இருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். சங்கத்துக்குத் தலைவரான செங்கோட்டையன் மட்டும் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சரி என்றார். சின்னான் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் நின்றதையே அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள். அவன் திருப்பூருக்குப் போய் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் சேர்ந்துவிட்டான். அவன் இடம் அங்கமுத்துவுக்குப் போனது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயில்சாமிக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரிந்தது. தான் படுத்திருக்கும்போது எத்தனையோ சூளை வெந்திருக்கும். தன் வாயால் போட்ட சட்டப்படி தன் இடம் எப்போதோ காலி. ரங்காத்தாள் பார்க்க வரும்போதெல்லாம் கேட்க நினைப்பான், கேட்க மாட்டான். அவளும் சொல்லவில்லை. எவனாவது ஒருவன் தன் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டிருப்பான். போய்ப் பார்ப்போம், சண்டை போடக் கூடாது, வெளியே நிற்கிறவர்களோடு நானும் நிற்கிறேன் என்று சொல்வோம். பஸ்ஸில் இப்படியெல்லாம் ரொம்பப் பெருந்தன்மையாக யோசித்துக்கொண்டு வந்தான். பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது பெருந்தன்மையாக இருப்பது சுலபம்.

வீட்டுக்குப் போகாமல் நேரே கொட்டகைக்குத்தான் போனான். உச்சிப் பொழுது. உள்ளே யாரும் இல்லை. சூளை பாதி அடுக்கியிருந்தது. பக்கத்தில் வைக்கோலும் எருவாட்டியும் குவிந்து கிடந்தன. அவனுக்குப் புரிந்துவிட்டது. சூளை மூடுகிற நாளில் எல்லோருமாகப் பிள்ளையார் கோவிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துத் திருநீறு கொண்டு வருவது வழக்கம். இப்போது வந்துவிடுவார்கள். தன் சக்கரம் இருந்த மூலைக்குப் போனான். சக்கரம் அதே இடத்தில்தான் இருந்தது. அதன் மேல் ஈரம் காயாத மண். குனிந்து ஒரு விரலால் தொட்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதான்.

அழுது முடித்துத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, சுவரோரமாகக் காய்ந்து நின்ற பானைகள் கண்ணில் பட்டன. பத்துப் பன்னிரண்டு இருக்கும். ஒன்றுகூட ஒழுங்காக இல்லை. ஒன்றுக்கு வாய் கோணல், ஒன்றுக்கு ஒரு பக்கம் வயிறு தள்ளியிருந்தது, ஒன்றை நிறுத்தினால் ஆடும். எவன் வனைந்தது இந்தக் கண்றாவி என்று ஒன்றை எடுத்துக் கழுத்தைத் திருப்பினான்.

மூன்று கீறல்.

அடுத்ததை எடுத்தான். மூன்று கீறல். எல்லாவற்றிலும் அதேதான். மயில்சாமிக்குத் தலைக்குள் குப்பென்று சூடேறியது. அவனுக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது, அதாவது விளங்கியதாக நினைத்தான். தன் இடத்தைப் பிடித்தவன் இடத்தோடு நிற்கவில்லை. தன் அடையாளத்தையும் பிடித்துக்கொண்டான். நல்ல பானையில் அவனுடைய சொந்தக் கீறலைப் போட்டுக்கொண்டு, கோணல் சட்டியையெல்லாம் மயில்சாமி தலையில் கட்டிச் சந்தைக்கு அனுப்புகிறான். மயில்சாமி செத்துப்போவான் என்று கணக்குப் போட்டிருக்கிறான். செத்தவன் வந்தா கேட்கப் போகிறான்?

காலையில் கண்டக்டரையும் ஆறிப்போன டீயையும் வாழ்த்திய மனிதன், காலை உயர்த்தி முதல் பானையை உதைத்தான். சுடாத பானை உடைவதற்குப் பெரிய பலம் வேண்டாம். இரண்டாவதைத் தூக்கிச் சுவரில் அடித்தான். கடைசிப் பானை நொறுங்கும்வரை நிறுத்தவில்லை. நெஞ்சு இரைத்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் கொடுத்த மூச்சையெல்லாம் ஒரே தடவையில் செலவழித்துவிட்டுத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அப்போது கோவிலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். முன்னால் தேங்காய் மூடியோடு செங்கோட்டையன், பின்னால் அங்கமுத்துவும் மற்றவர்களும், அவர்களுக்கு நடுவே ரங்காத்தாள். அவள் இங்கே எதற்கு என்று மயில்சாமிக்கு ஒரு கணம் புரியவில்லை. ரங்காத்தாள் புருஷனைப் பார்த்ததும், "ஐயோ சாமி, வந்துட்டீங்களா!" என்று ஓடி வந்தாள். நாலு அடி வைத்ததும் தரை கண்ணில் பட்டது. அப்படியே நின்றாள்.

"எவன்டா அவன்?" என்றான் மயில்சாமி. "என்ர கீத்தைப் போட்டு இந்த ஒறட்டுச் சட்டியச் செஞ்சவன் எவன்? நான் செத்துப் போயிட்டேன்னு நெனச்சானா?"

அங்கமுத்து செங்கோட்டையனைப் பார்த்தான். செங்கோட்டையன் தேங்காய் மூடியைப் பார்த்தார். கடைசியில் ரங்காத்தாள்தான் வாயைத் திறந்தாள்.

"வந்ததும் வராததுமா என்ன காரியம் பண்ணிப்போட்டீங்க. அது உங்க சட்டிங்க. உங்க எடம் போயிரக் கூடாதுன்னு, நீங்க படுத்த நாள்ல இருந்து ஒவ்வொரு சூளைக்கும் உங்க பேருக்குச் செஞ்சு வெக்கறாங்க. சூளையில அடுக்கறது நானு. அதுக்குத்தான் வந்தேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு செஞ்சவரு சொல்லிப்போட்டாரு. தெரிஞ்சா நீங்க வேண்டாம்பீங்களாமா."

"செஞ்சது யாரு?"

பதில் ரோட்டுப் பக்கமிருந்து வந்தது. சைக்கிளின் பின்னால் வைக்கோல் கட்டைக் கட்டித் தள்ளிக்கொண்டு சின்னான் வந்துகொண்டிருந்தான். நல்ல வெள்ளைப் பனியன், கம்பெனிக்காரன் என்று பார்த்தாலே தெரியும். மயில்சாமியைக் கண்டதும் முகம் மலர்ந்தது. "அண்ணா, எப்ப வந்தீங்க? ஒடம்பு தேவலீங்களா?" என்று சைக்கிளைச் சாய்த்து நிறுத்தினான். பிறகுதான் சுவரோரம் பார்த்தான். கோபப்படுவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் குனிந்து ஒரு ஓட்டுத் துண்டை எடுத்து, அதில் இருந்த கீறலைக் கட்டைவிரலால் தடவினான்.

"கோணலாத்தானுங்க இருந்துச்சு," என்றான். "வாரத்துக்கு ஒரு நாள் தொட்டா கையி மறந்து போகுது. நீங்க பாத்தா திட்டுவீங்கன்னு தெரியும்."

மயில்சாமிக்கு அப்போது பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. திட்டு வாங்கியிருந்தால் தாங்கியிருப்பான், நாலு அடி விழுந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பான். நொறுங்கிக் கிடந்தது ஒரு மனுஷனின் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை. ஆறு நாள் கம்பெனியில் நின்றுவிட்டு, ஏழாம் நாள் தன்னைத் துரத்திய இடத்துக்குச் சைக்கிள் மிதித்து வந்து, துரத்தியவனுடைய அடையாளத்தைக் கீறிக்கொண்டிருந்திருக்கிறான்.

"உங்களுக்காகன்னு மட்டும் நெனச்சுப்போடாதீங்கண்ணா," என்றான் சின்னான், ஏதோ அவன்மேல்தான் தப்பு என்கிற மாதிரி. "எனக்கும் மண்ணுல கை வெக்காம இருக்க முடியலீங்க. கம்பெனியில நூலையே பாத்துட்டு இருந்தா கிறுக்குப் புடிக்குது. என்ர பேர்ல சக்கரம் இல்ல. உங்க பேர்ல இருந்துச்சு. இனி நீங்க வந்துட்டீங்க, அவ்வளவுதான்."

அங்கமுத்து தொண்டையைக் கனைத்தான். "பொழுதாகுதுங்க. சூளைய மூடோணும். மயில்சாமியண்ணன் பேருக்கு இப்ப ஒரு சட்டிகூட இல்ல." எல்லோருக்கும் அது ஏற்கெனவே தெரிந்திருந்தது, யாரும் வாயால் சொல்ல விரும்பவில்லை. அங்கமுத்து தன் வரிசையிலிருந்து இரண்டு பானையை எடுத்துக் கழுத்தில் கொஞ்சம் தண்ணீர் தொட்டான். "நான் மூணு கீத்துப் போட்டுத் தர்றேன். யாரு கேக்கப் போறாங்க?"

"வேண்டாம்," என்றான் மயில்சாமி. "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். நான் போறேன்." துணிமூட்டையை எடுத்தான்.

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். அவனுக்கு அங்கே நிற்க முடியவில்லை. இடத்தைத் தியாகம் செய்துவிட்டுப் போனால் தியாகியாகப் போகலாம், நின்றால் பானை உடைத்தவனாக நிற்க வேண்டும். வெட்கத்திலும் அவனுக்குக் கர்வம் விட்டபாடில்லை.

சின்னான் வழியை மறித்துக்கொண்டு நின்றான். சைக்கிளும் வைக்கோலுமாக வழியே அடைத்துப்போயிற்று.

"தலைவருங்க," என்று செங்கோட்டையனைப் பார்த்துச் சொன்னான். "அவரு போறதுன்னா போகட்டும். ஆனா காரணத்தைக் கேட்டுட்டு அனுப்புங்க. இந்தச் சூளைக்கு ஏன் சட்டி வெக்கலீன்னு அவரையே சொல்லச் சொல்லுங்க. காரணம் கேக்காம யாரையும் அனுப்ப வேண்டாமுங்க."

செங்கோட்டையன் தேங்காய் மூடியைக் கீழே வைத்தார். பிறகு, "சரி, சொல்லு மயில்சாமி. ஏன் வெக்கல?" என்றார்.

எட்டுச் சக்கரத்துக்கும் நடுவே மயில்சாமி நின்றான். ரங்காத்தாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமல் வந்தால் தப்பித்துக்கொள்ளலாம் என்று பார்த்தான், அன்றைக்கு இருமலும் வரவில்லை.

"நானே ஒடச்சுப்போட்டேனுங்க," என்றான்.

"ஏன் ஒடச்சே?"

"என்ர பேரைக் கெடுக்கறாங்கன்னு நெனச்சேன். யாரையும் ஒரு வார்த்த கேக்கல. சித்த நேரம் பொறுத்திருந்தா நீங்க வந்திருப்பீங்க. பொறுக்கல. திமிருங்க. வேற காரணம் இல்ல."

சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. காய்ச்சலில்கூட அப்படி வியர்த்ததில்லை.

செங்கோட்டையன் மற்றவர்களைப் பார்த்தார். ஒருவர் தலையைச் சொறிந்தார், ஒருவர், "நோவுல கெடந்த மனுஷன், விடுங்க" என்றார். அங்கமுத்து ஏற்கெனவே பானைக் கழுத்தில் கீற ஆரம்பித்திருந்தான். "காரணம் கேட்டாச்சு," என்றார் செங்கோட்டையன். "எடம் இருக்கட்டும். அடுத்த சூளைக்கு ஒழுங்காச் செஞ்சு வெய்யி. அம்மிணி, அந்த ரெண்டையும் எடுத்து அடுக்கு." ரங்காத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு பானையை வாங்கப் போனாள். கூட்டம் கலைந்து வேலையைப் பார்த்தது.

அவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டது. மயில்சாமி இடத்தைவிட்டு நகரவில்லை. முக்கால் வருஷம் கேட்டுக்கேட்டுக் கிடந்த சக்கரம் இரண்டு எட்டில் இருந்தது. அதன் பக்கம் திரும்ப அவனுக்குத் துணிவில்லை. காரணம் கேட்க எவ்வளவு பேச்சு வேண்டியிருந்தது? "ஏன்?" என்று ஒரு வார்த்தை. இவ்வளவு கேவலமான காரணத்தைச் சொன்னவனுக்கு இடம் கிடைத்துவிட்டது.

சின்னான் கீழே உட்கார்ந்து உடைந்த ஓடுகளைப் பொறுக்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுக்கொண்டிருந்தான். சுடாத மண், ஊறினால் மறுபடி வனையலாம். மயில்சாமியும் பக்கத்தில் குந்தினான். அவனும் பொறுக்க ஆரம்பித்தான்.

"சின்னா," என்றான் மயில்சாமி. குரல் அவனுக்கே கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். "சின்னா, அன்னைக்கு நீ ஏன் நேரத்துக்கு வரல?"

சின்னான் கையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தான். அந்தக் கேள்வியை இத்தனை நாள் கழித்துக் கேட்டது அவனுக்கு வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். லேசாகச் சிரித்தான்.

"பஸ்ஸு வரலீங்கண்ணா. வெள்ளகோவில்ல மாமனாரு ஊட்டுக்குப் போயிருந்தேன். மழையில பஸ்ஸு நின்னுபோச்சு. பாதி தூரம் நடந்து, பாதி தூரம் ஒரு மாட்டு வண்டியில வந்தேன். அதான் பொழுது போயிருச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, கண்ணு."

சின்னான் கடைசி ஓட்டைத் தண்ணீரில் போட்டான்.

"கேட்டாச் சொல்லலாமுன்னுதான் நின்னேனுங்க," என்றான்.